பனிமலை கடந்த குழந்தை: குடும்பத்தோடு பார்த்த ஒரு நார்வே படம்

2016இல் வெளிவந்த 'பிர்கெபைனர்னே' என்ற நார்வே படத்தை எங்கள் வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தோம். அதன் பிறகும் பல நாட்கள் வீட்டில் அந்தப் படத்தின் பேச்சு ஓயவில்லை. இத்தனைக்கும் அதில் பேசப்படும் மொழியில் ஒரு சொல்கூட எங்களுக்குத் தெரியாது. கதை நடப்பதோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாங்கள் கண்டிராத பனிமலைகளுக்கு நடுவில். இப்படிப்பட்ட படங்கள் எத்தனையோ வெளியே தெரியாமலே கிடக்கின்றன. தெரியவந்தாலும் 'வீட்டில் எல்லோருக்கும் சரிப்பட்டு வராது' என்று ஒதுக்கிவிடுகிறோம். சரிப்பட்டு வரச் செய்யலாம். படத்தைத் தேடிக் கொண்டுவருபவர் அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

படம் எங்களிடம் வந்த வழியே சுற்றுவழி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு பனிச்சறுக்குப் போட்டியின் புகைப்படத்தைக் காட்டி, "அம்மா, ஓட்டப் பந்தயத்தில் யாராவது மூட்டை சுமந்துகொண்டு ஓடுவார்களா?" என்று கேட்டாள். படத்தில் இருந்த எல்லோர் முதுகிலும் பை. தேடிப் பார்த்தபோது அது நார்வேயின் 'பிர்கெபைனர்' போட்டி என்று தெரிந்தது. 1932இல் தொடங்கியது. ரேனா என்ற ஊரிலிருந்து லில்லிஹாமர் வரை 54 கிலோமீட்டர். போட்டியாளர் ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பையைச் சுமந்தே ஆக வேண்டும். அந்த எடை ஒரு குழந்தையின் நினைவாக. 1206ஆம் ஆண்டின் கடுங்குளிரில் இரண்டு வீரர்கள் ஓர் அரசிளங்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை கடந்த நிகழ்ச்சியை இன்றும் ஆயிரக்கணக்கானோர் முதுகில் சுமந்து நினைவுகூர்கிறார்கள். அந்தக் கதை படமாக வந்திருக்கிறது என்று படித்ததும் பார்த்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் இதன் தலைப்பு 'தி லாஸ்ட் கிங்'. அந்தச் சொற்களைக் கொண்டு தேடினால் உகாண்டா அதிபரைப் பற்றிய, பெயர் ஒத்த வேறொரு படம் முன்னால் வந்து நிற்கும். மூலத் தலைப்பையோ இயக்குநர் நில்ஸ் கௌப்பின் பெயரையோ கொடுத்துத் தேடினால் நேராகக் கிடைக்கும். ஆங்கிலத் தலைப்பு விநியோகிப்பவர்கள் தங்கள் வசதிக்கு வைப்பது. நாட்டுக்கு நாடு மாறும். மூலத் தலைப்பு மாறாது. எந்த அந்நிய மொழிப் படத்துக்கும் இது பொருந்தும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 1130 முதல் 1240 வரை அரியணைக்காக உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்தும் மூண்டும் நடந்துகொண்டே இருந்தன. நம் கணக்கில் சொன்னால் சோழ நாட்டை மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் அங்கே இரண்டு அணிகள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று பிர்கெபைனர்கள், ஒரு காலத்தில் காலணிக்கு வழியில்லாமல் பூர்ச்ச மரப்பட்டையைக் காலில் சுற்றிக்கொண்டு போரிட்ட ஏழைக் கலகக்காரர்கள், பிறகு அரசரின் படையானவர்கள். மற்றது பாக்லர்கள், திருச்சபையின் பெரிய தலைகள் ஆதரித்த அணி. பிர்கெபைனர்களின் அரசர் நஞ்சூட்டப்பட்டு இறக்கிறார். அவருக்கு ஒரு மகன் இருப்பது சிலருக்கு மட்டுமே தெரியும். அந்தக் குழந்தையைப் பாக்லர்கள் கொல்லத் தேடுகிறார்கள். டோர்ஸ்டைன், ஷெர்வால்ட் என்ற இருவர் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு குழந்தையோடு மலையேறுகிறார்கள்.

இந்த அளவு கதையை நான் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கதையைச் சொன்னால் சுவை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தெரியாத நாட்டின் சரித்திரப் படத்தில் நிலைமை வேறு. முதல் பதினைந்து நிமிடத்தில் யார் யாருக்குப் பகை என்று புரியாவிட்டால் பெரியவர்கள் கண்ணயர்ந்துவிடுவார்கள், சிறியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நார்வே மக்களுக்குப் பள்ளியிலேயே தெரிந்துவிட்ட செய்தி இது. இயக்குநர் அவர்களை எதிரே வைத்துத்தான் படம் எடுத்திருக்கிறார். அவர்களுக்குப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்ததை நம்மவர்களுக்கும் சொல்லிவிட்டு உட்கார்வதுதான் முறை. ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் இவர்கள் என்று ஐந்தாறு பெயர்களை மட்டும் எழுதினேன். என் மகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய முகம் வரும்போதெல்லாம் "இவன் எந்தக் கட்டம்?" என்று கேட்டபடி பார்த்தான். அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் அரண்மனைச் சூழ்ச்சிப் பகுதியை அவன் பொறுத்திருக்க மாட்டான்.

முடிவை மட்டும் சொல்லவில்லை. குழந்தை பிழைக்குமா என்ற தவிப்புதான் இந்தப் படத்தின் மூச்சு.

அதற்கு முன்பே நான் தனியாக ஒருமுறை முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன். பிள்ளைகளோடு பார்க்கப்போகும் எந்த நடுக்காலப் படத்துக்கும் இதைக் கட்டாயமாகச் சொல்வேன். தரச்சான்றில் போட்டிருக்கும் வயதை மட்டும் நம்ப முடியாது. அந்த எண் நம் பிள்ளைகளின் மனத்தை அறியாது. வாட்சண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிற பிள்ளை, ஒரு தாயை மிரட்டும் காட்சியில் உடைந்துவிடக்கூடும். இந்தப் படத்தில் போர்க்களத்தைவிடக் கடினமானது ஷெர்வால்டின் குடும்பத்துக்கு நேரும் கொடுமை. அந்தக் காட்சியை மகனுக்காகத் தாண்டிவிட்டு, என்ன நடந்தது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். மகளிடம் முன்னதாகவே கேட்டேன். அவள் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு தனியாகப் பார்த்தாள். தாண்டிய காட்சியை மூடி மறைக்கக் கூடாது. அதைச் சொல்லாமல் விட்டால், ஷெர்வால்டின் முகம் அதற்குப் பிறகு ஏன் அப்படி மாறிப்போகிறது என்பது பிள்ளைக்குப் புரியாது.

இனி மொழி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்நிய மொழிப் படம் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

எங்களுக்குக் கிடைத்த பதிப்பு ஆங்கில ஒலிமாற்றத்தோடு தொடங்கியது. பலர் அதை அப்படியே ஓடவிட்டுப் பார்த்துவிடுகிறார்கள். நான் உடனே அமைப்புக்குப் போய் ஒலியை நார்வே மொழிக்கு மாற்றினேன். மொழி புரியாவிட்டாலும் குரல் புரியும். பனிப்புயலில் மூச்சிரைக்கப் பேசும் மனிதனின் குரலை, வெதுவெதுப்பான அறையில் நின்று வேறொருவர் பேசிய குரல் ஈடுசெய்யாது. வசன எழுத்திலும் கவனம் தேவை. சில பதிப்புகளில் ஆங்கிலத்திலேயே இரண்டு வகை எழுத்து இருக்கும். காது கேளாதோருக்கானது என்று குறிப்பிட்டிருப்பது பெரும்பாலும் ஒலிமாற்ற வசனத்தை அப்படியே எழுதியது. அது உதட்டசைவுக்காக வளைக்கப்பட்ட வசனம். மூல ஒலியோடு பார்க்கும்போது மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

என் அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, ஆங்கில எழுத்து படிக்க வராது. "நீங்கள் பாருங்கள், எனக்கு எதற்கு?" என்று ஒதுங்கப் பார்த்தார். "அத்தை, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், நீங்கள் திரையை மட்டும் பாருங்கள்" என்று உட்கார வைத்தேன். திரையில் ஒரு வசனம் ஐந்தாறு விநாடிக்கு மேல் நிற்காது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டிருந்தால் அடுத்தது வந்து போய்விடும். ஆகவே வசனத்தின் சாரத்தை மட்டும், மூன்று நான்கு சொற்களில், தாழ்ந்த குரலில் சொன்னேன். "குழந்தையைத் தரமாட்டேன் என்கிறான்." "மலை வழியாகப் போகலாம் என்கிறான்." நீண்ட சூழ்ச்சிப் பேச்சு வந்தால், அது முடியும்வரை காத்திருந்து ஒரே வரியில் சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்தாலே புரிகிற இடங்களில் வாயைத் திறக்கவே இல்லை. சொல்பவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஆளாளுக்கு விளக்கத் தொடங்கினால் படம் சந்தைக்கடையாகிவிடும்.

அத்தைக்கு நான் விளக்கத் தேவையில்லாமல் போன இடமும் ஒன்று வந்தது. வீரன் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு இருட்டில் புறப்படும்போது, "கண்ணனை வசுதேவர் தூக்கிப்போன கதைதானே இது? அங்கே யமுனை, இங்கே பனி" என்றார். அதன் பிறகு அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் குறைந்துவிட்டன. படம் அவருடையதாகிவிட்டது.

படத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். பனிச்சறுக்கில் துரத்தும் காட்சிகளுக்காகவே இதைப் பார்க்கலாம். குதிரையில் துரத்துவதை ஆயிரம் படங்களில் பார்த்திருக்கிறோம். சரிவில் கால்பலகை வழுக்கிப் பாய, பின்னால் எதிரிகள் வர, மார்பில் குழந்தையோடு ஒருவன் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும்போது நெஞ்சு படபடக்கிறது. அந்த மலைகளும் பண்ணை வீடுகளும் மனிதர்கள் உண்மையிலேயே வாழ்ந்த இடமாகத் தெரிகின்றன. டோர்ஸ்டைனாக வரும் கிறிஸ்டோஃபர் ஹிவ்யூவின் செந்தாடியும் பெருங்குரலும் என் மகனுக்கு நெடுநாள் நினைவிலிருக்கும். ஷெர்வால்டாக நடித்த யாகோப் ஒஃப்டெப்ரோ அடக்கமாக நடித்து மனத்தில் நிற்கிறார். அரண்மனைப் பகுதி அவ்வளவு வலுவாக இல்லை. வில்லன் வில்லன் என்பதற்காகவே வில்லத்தனம் செய்கிறான். பெண்களுக்குப் படத்தில் துன்பப்படுவதைத் தவிர அதிக வேலை கொடுக்கவில்லை. ஆனாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பல வயதினர் சேர்ந்து பார்க்கும் படத்துக்கு இந்த நீளம் பெரிய வரம். மூன்று மணி நேரக் காவியத்தை முதல் தேர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

நடுவில் ஓரிரு முறைதான் நிறுத்தினோம். நிறுத்தும் இடத்தை நான் தனியாகப் பார்த்தபோதே குறித்துவைத்திருந்தேன். துரத்தல் முடிந்து ஒரு வீட்டுக்குள் தஞ்சம் புகுந்த பிறகு நிறுத்தினால் பரபரப்பு கெடாது. கேள்விகளையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்களுக்கு உண்மையான விருந்து படம் முடிந்த பிறகுதான் தொடங்கியது. எது வரலாறு, எது திரைக்கதை என்று பிரித்துப் பார்ப்பதில் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள்.

முதல் கேள்வியை மகன்தான் கேட்டான். அரசர் மூன்றாம் ஹோகோன் இறந்தது 1204 ஜனவரி முதல் நாள். குழந்தை பிறந்தது அதன் பிறகு, அதே ஆண்டில். மலை கடந்ததோ 1205 முடிந்து 1206 பிறக்கும் குளிர்காலத்தில். "அப்படியென்றால் குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்குமே! ஒன்றரை வயதுக் குழந்தை எப்படி மூன்றரை கிலோ இருக்கும்?" என்றான். எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. போட்டியின் பைக்கு வைத்த எடை ஓர் அடையாளம்தான். உண்மையான சுமை அதைப்போல இரண்டு மூன்று மடங்காவது இருந்திருக்கும். படத்தில் குழந்தை ஒன்றரை வயதைவிடச் சின்னதாகவே தெரிகிறது. தகப்பன் சாவையும் மலைப் பயணத்தையும் ஒட்டிவைத்துக் கதையை இறுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த ஒட்டுக்குள் மறைந்துபோயின. அந்த இடைவெளியில் குட்டோர்ம் என்ற நான்கு வயதுச் சிறுவனை அரசனாக்கினார்கள். அவனும் அந்த ஆண்டிலேயே இறந்தான். பிறகுதான் போர்ட்சன் என்பவர் அரசரானார், 1217 வரை ஆண்டார்.

படத்தின் வில்லன் கிஸ்லே திரைக்கதைக்காக உருவாக்கப்பட்டவன். அரசருக்கு நஞ்சு வைத்ததாக வரலாற்றில் சந்தேகப்பட்டது அவருடைய மாற்றாந்தாயான அரசி மார்கரேத்தாவை.

என் மகளை உலுக்கியது குழந்தையின் தாய் இங்காவின் கதை. படம் அவரை அதிகம் கவனிக்கவில்லை, வரலாறு கவனித்திருக்கிறது. மகனுக்கு அரசுரிமை கிடைக்கும் நேரத்தில், அவன் உண்மையிலேயே அரசருக்குப் பிறந்தவன்தானா என்ற கேள்வியை எழுப்பினார்கள். 1218இல் பெர்கன் நகரில் இங்கா பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தன் சொல்லை மெய்ப்பித்தார். "மலையைக் கடந்த வீரர்களுக்கு ஓவியம் இருக்கிறது, போட்டி இருக்கிறது, படம் இருக்கிறது. இவருக்கு?" என்று மகள் கேட்டாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை. கேள்வி மிகவும் நியாயமானது.

அவள் சொன்ன ஓவியம் 1869இல் க்னூட் பெர்க்ஸ்லியன் தீட்டியது. இரண்டு வீரர்கள் பனியில் வேகமாக வருகிறார்கள். ஒருவர் அணைப்பில் குழந்தை. படத்தைப் பார்த்து முடித்த பிறகு இந்த ஓவியத்தைத் தேடி எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். இயக்குநர் எங்கிருந்து தன் காட்சிகளை எடுத்துக்கொண்டார் என்பது பார்த்தவுடன் விளங்கும்.

இந்தச் செய்திகளுக்கெல்லாம் மூலம், ஐஸ்லாந்துக்காரர் ஸ்டுர்லா தோர்டார்சன் 1264, 65ஆம் ஆண்டுகளில் எழுதிய, அந்தக் குழந்தை ஹோகோனின் சரித்திரம். வழியில் குழந்தைக்கு ஊட்ட எதுவும் இல்லாமல் பனியை உருக்கி வாயில் விட்டார்கள் என்று அதில் வருகிறது. அத்தைக்கு இதைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன்: இந்த நூலை எழுதச் சொன்னவர் ஹோகோனின் மகன் மாக்னுஸ். தகப்பனின் புகழுக்காக மகன் எழுதுவித்த சரித்திரம் அது. நாம் பார்த்த படத்தைப் போலவே அந்த நூலும் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டுதான் கதை சொல்கிறது. படத்தில் பாக்லர்கள் எல்லோரும் கொடியவர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் நாம் யாருக்காகத் தவித்திருப்போம் என்று கேட்டேன். மகன் தன் தாளை எடுத்து இரண்டு கட்டங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குழந்தை என்ன ஆனான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். படத்தைவிடப் பெரிய கதை அது. 1217இல் பதின்மூன்று வயதில் நான்காம் ஹோகோன் என்று அரசனானான். 1263 வரை ஆண்டான். நூறாண்டுக்கு மேல் நீண்ட உள்நாட்டுப் போர்கள் அவன் காலத்தில்தான் ஓய்ந்தன. ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் நார்வே அரசின்கீழ் வந்தன. பிரெஞ்சுக் காதல் காவியங்களை நார்வே மொழியில் பெயர்க்கச் செய்தான். அந்த மொழிபெயர்ப்புகளில் ஒன்றான திரிஸ்தான் கதை 1226ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவன் பெர்கனில் கட்டிய மண்டபம் இன்றும் நிற்கிறது. மகன் மாக்னுஸின் திருமண விருந்து 1261இல் அங்கேதான் நடந்தது.

ஒரு படம் பிடித்துப்போனால் அடுத்ததைத் தேட இயக்குநரின் பெயரைப் பின்தொடர்வது நல்ல வழி. நில்ஸ் கௌப் வடக்கு நார்வேயின் சாமி பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய முதல் முழுநீளப் படமான 'ஒஃபெலாஷ்' 1987இல் வந்தது. சாமி மொழியில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் அது. சிறந்த அந்நிய மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடப்பதாகச் சாமி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை: குடும்பத்தைக் கொள்ளையர்களிடம் பறிகொடுத்த இளைஞன் ஒருவன், அதே கொள்ளையர்களுக்கு வழிகாட்டியாக நடக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறான். எனக்கு 'பிர்கெபைனர்னே'யைவிட இது ஒரு படி மேலான படம். இதில் பேச்சு குறைவு என்பதால் அத்தைக்கு நான் சொல்ல வேண்டியிருந்ததும் குறைவு. தொடக்கமே கொலையோடு வருகிறது. ஆகவே இதையும் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, மகன் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று பெரியவர்களும் மகளும் மட்டும் பார்த்தோம். ஆங்கிலத்தில் 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் இருக்கும். அதே கதையை அமெரிக்காவுக்கு மாற்றி, அதே பெயரில், ரத்தம் தெறிக்க எடுத்த 2007ஆம் ஆண்டுப் படம் ஒன்றும் உண்டு. குடும்பத்தை உட்கார வைப்பதற்கு முன் 1987 என்ற ஆண்டையும் சாமி மொழி ஒலியையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.